முதலில் எழுது, அப்புறம் காட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். லேத், வெல்டிங், ஃபேப்ரிகேஷன் என்று கையால் எதையாவது செய்து பிழைக்கிறவர்கள் மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே படித்துவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தைத் தினமும் கடந்து போகிறீர்கள். அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் என்று பெயர். பேடன்ட் என்று நாம் சொல்லும் காப்புரிமைக்கு விண்ணப்பம் வாங்கும் அலுவலகங்கள் இந்தியா முழுவதற்கும் நான்குதான்: கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. தென்மாநிலங்கள் ஐந்துக்கும் புதுச்சேரிக்கும் லட்சத்தீவுக்கும் சேர்த்து இருப்பது நம் கிண்டி அலுவலகம். திருவனந்தபுரத்துக்காரரும் ஹைதராபாத்காரரும் நாடும் இடம் நமக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாசல் தெரியும்?

இதை எழுதக் காரணம் என்னிடம் படித்த ஒரு பையன். பையன் என்கிறேனே தவிர, அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நாகல்கேணி பக்கம் இரண்டு லேத் போட்டு சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறான். தோல் தொழிற்சாலைகளில் தோலுக்குச் சாயமும் பூச்சும் அடிப்பார்கள் அல்லவா, அந்த ஸ்ப்ரே மெஷினுக்கு நாசில் செய்து கொடுப்பது அவன் தொழிலில் ஒரு பகுதி. 1912-ல் வந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொழிலின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் அவன் ஒரு நாசிலைப் புது விதமாகச் செய்தான். வாடிக்கையாளர் ஒருவர் ஆசையாகக் கேட்டாராம். இரண்டு சாம்பிளும் வரைபடமும் கொடுத்தான். ஆறு மாதம் கழித்து அதே சாமான் வேறு பட்டறையிலிருந்து பாதி விலைக்கு வர ஆரம்பித்தது. போய்க் கேட்டதற்கு, "இதுல உன்னோடதுன்னு என்னப்பா இருக்கு? பேப்பர் இருந்தா காட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேப்பர் இல்லை. கடனில் வாங்கிய இரண்டாவது லேத்துக்கு மூன்று மாதம் தவணை கட்ட முடியவில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

இப்போது அவன் அதைவிட நல்லதாக இன்னொன்று செய்திருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னான். காலேஜ் படிக்கும் மகள் அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாம் என்கிறாளாம். வேறொரு வாடிக்கையாளர் வரைபடம் கேட்கிறாராம். "டீச்சர், பேடன்ட் எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கா? அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் இல்லையா?" என்று கேட்டான்.

நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தேடிப் படித்துச் சொல்வது ஆசிரியரின் வேலை. படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இதய வால்வு, எண்ணெய்க் கிணறு, ஸ்ப்ரே நாசில் என்று மூன்று சாமான்களை வைத்துச் சொல்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை மாதிரி தெரியும். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: அழுத்தத்தோடு ஓடுகிற ஒன்றை ஒரு ஓட்டையில் எப்படி அடக்கி ஆள்வது?

முதலில் இதயம். ஒரு நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,03,680. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 3.78 கோடி. அத்தனை முறையும் உள்ளே இருக்கும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். ரத்தம் முன்னால் போக வேண்டும், பின்னால் திரும்பக் கூடாது.

என் அக்காவை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலி, பிறகு காய்ச்சலோடு முட்டி முட்டியாக வீக்கம். ஊரில் வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். சரியாகக் கவனிக்காத தொண்டைத் தொற்று சில பிள்ளைகளுக்கு இதய வால்வைச் சிதைத்துவிடும். அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியபோது மாடிப்படி ஏற முடியாமல் போனது. வால்வை மாற்றினார்கள். அவர் நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு. இன்றைக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, கீரையை அளவாகச் சாப்பிடுவது என்று இருக்கிறார். பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

செயற்கை வால்வு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் கோலி சோடாவைச் சொல்வேன். பாட்டில் கழுத்தில் கோலி. உள்ளிருந்து வாயு தள்ளும்போது அடைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் வழி விடும். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1960-ல் அமெரிக்காவில் டாக்டர் ஸ்டாரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த இதய வால்வும் ஒரு சின்னக் கூண்டுக்குள் ஏறி இறங்கும் பந்துதான்.

அவை எல்லாம் இறக்குமதி. நம் நாட்டு ஏழைகளுக்கு எட்டாத விலை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை மருத்துவர் நாமே செய்யலாம் என்று ஆரம்பித்தார். முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் பலவீனமாகி முறிந்தது. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லால் செய்த வட்டு, வைத்துப் பார்த்த ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்தது. நான்காவது மாதிரியில் கோபால்ட் குரோமியக் கலவையில் கூடு, உறுதியான பாலிஎத்திலீனில் வட்டு. அது நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தாயிற்று. டாக்டர் வலியத்தான் 2024-ல் காலமானார்.

இதில் என் மாணவனுக்கு நான் காட்டியது வேறு ஒரு விஷயம். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள், சரி. அதைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தது யார்? சென்னையின் டி.டி.கே. குழுமம். நம் வீட்டு பிரெஸ்டீஜ் குக்கரின் அதே டி.டி.கே. குக்கரின் வெயிட்டும் ஒரு வால்வுதானே! கண்டுபிடித்தவர் ஒருவர், செய்து விற்பவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நடுவே சண்டை வராமல் இருக்க எது யாருடையது, யார் செய்யலாம், எந்த நிபந்தனையில் என்று எழுதப்பட்ட காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால் நம்பி வரைபடத்தைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் நாகல்கேணியில் நடந்ததுதான் நடக்கும்.

அடுத்தது எண்ணெய்க் கிணறு. தாம்பரத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் போர் போட்ட அனுபவம் இருக்கும். திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கும், தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி பறக்கும், ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது. சில அடிகளில் பாறை வந்துவிடும். பல்லாவரம், திரிசூலம் மலைகளில் இருக்கும் சார்னோக்கைட் பாறை சாதாரணப் பாறை இல்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரையே வைத்தார். அந்தக் கல் நம் பல்லாவரம் பக்கத்துக் கல்.

அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன் எண்ணெய் தேடியவர்களுக்கும் இதே தொல்லை. மீன்வால் மாதிரி இருந்த துளைக்கருவி மண்ணில் இறங்கும், பாறை வந்தால் நின்றுவிடும். ஹோவர்ட் ஹியூஸ் என்பவர் பல் வைத்த இரண்டு கூம்புகள் உருண்டு உருண்டு பாறையை நொறுக்கும்படி ஒரு கருவி செய்தார். 1909-ல் காப்புரிமை கிடைத்தது. அவர் கருவியை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். வாங்கிப் பிரித்துப் பார்த்து நகல் எடுக்க வழியில்லாமல் செய்தார். அவர் வக்கீலுக்குப் படித்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்!

எண்ணெய்க் கிணற்றில் பாறையைத் துளைப்பதைவிடப் பயங்கரமானது, அடியில் அடைபட்டிருக்கும் வாயு சீறிக்கொண்டு மேலே வருவது. ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் பாசர்லபூடி என்ற ஊரில் 1995 ஜனவரியில் அப்படி வெடித்துத் தீப்பிடித்த கிணறு 65 நாள் எரிந்தது. பெரியவர்களுக்குச் செய்தித்தாளில் படித்த ஞாபகம் இருக்கும். இப்படிச் சீறி வருவதைத் தடுக்கக் கிணற்று வாயில் ஒரு பெரிய வால்வு வைப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு இரும்புக் கட்டைகள் நகர்ந்து வந்து துளையிடும் குழாயைக் கட்டிப்பிடித்து வழியை அடைத்துவிடும்.

இதைக் கொண்டுவந்தவர்கள் டெக்சாஸில் ஜேம்ஸ் ஆபர்கிராம்பி என்ற கிணறு தோண்டுகிறவரும், ஹாரி கேமரன் என்ற பட்டறைக்காரரும். பட்டறைத் தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் கோடு போட்டுத்தான் முதல் படத்தை வரைந்தார்கள் என்று சொல்வார்கள். 1922-ல் விண்ணப்பித்தார்கள், 1926-ல் காப்புரிமை கிடைத்தது. என் மாணவனுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். "பட்டறைக்காரரா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டான். ஆமாம்ப்பா, உன்னை மாதிரி லேத் போட்டவர்தான். ஆனால் தரையில் வரைந்ததைத் தரையோடு விட்டுவிடாமல் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்புரிமை இருப்பதால் கருவி பிழையற்றது என்று ஆகிவிடாது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தபோது கிணற்று வாயில் இருந்த இந்த வகைத் தடுப்பு வேலை செய்யவில்லை. 11 பேர் இறந்தார்கள். காப்புரிமை அலுவலகம் பார்ப்பது இது புதிதா என்பதை. இது உயிரைக் காக்குமா என்று பார்க்க வேறு சோதனைகள் உண்டு.

மூன்றாவது நாசில். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பாயும். ஓட்டை சிறுத்தால் வேகம் கூடும். எல்லா நாசிலுக்கும் பாட்டி அந்தக் கட்டைவிரல்தான். ஆனால் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வரும் அளவும் இரண்டு மடங்காகாது. அளவு இரண்டு மடங்காக அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். ஓட்டை கொஞ்சம் தேய்ந்தாலோ மருந்தோ சாயமோ வீணாகக் கொட்டும். தோல் சாயத்தில் நிறமியும் பசையும் கலந்திருப்பதால் நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கழற்றி, ஊதி, கம்பி விட்டு மாட்டுவதற்குள் வேலை நின்றுவிடும்.

நாசிலின் கதையில் மருத்துவமும் தொழிற்சாலையும் ஒரே வீட்டில் இருந்தன. அமெரிக்காவில் டொலிடோ என்ற ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர் இருந்தார். 1880-களின் இறுதியில் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவானமாக அடிக்க ஒரு சின்னக் கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை எடுத்து 1907 வாக்கில் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியாக மாற்றினார். அப்பாவின் கருவி தொண்டைக்கு, மகனின் கருவி தொழிற்சாலைக்கு. இன்றைக்கு ஒரகடத்தில் காருக்குப் பெயின்ட் அடிப்பதும், நாகல்கேணியில் தோலுக்குச் சாயம் அடிப்பதும், ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைப்பதும் அந்தத் தூவானத்தின் வாரிசுகள்தான். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய நம் தாம்பரம் சானடோரியத்தை எல்லோருக்கும் தெரியும். மூச்சுத் திணறி வருகிறவருக்கு அங்கே நெபுலைசர் வைக்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு நாசில்தான். துளி 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் அடிவரை போகும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அத்தனை சின்னத் துளி.

இப்போது காப்புரிமை என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். பலர் அதை ஒரு பரிசு, ஒரு சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். சிலர் ரகசியத்தைப் பூட்டி வைக்கிற பெட்டி என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. அது அரசாங்கத்தோடு செய்துகொள்ளும் ஒரு கொடுக்கல் வாங்கல். நீ கண்டுபிடித்ததை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், உன் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை கிடைக்கும். 20 வருடம் முடிந்தால் அது ஊர்ச்சொத்து.

நம் ஊரில் எத்தனை வைத்தியர்கள், எத்தனை கொல்லர்கள் கைப்பக்குவத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்! சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு மாற்றாக வந்ததுதான் இந்த ஏற்பாடு. இந்தியாவில் இதற்கு முதல் சட்டம் 1856-ல் வந்தது. அந்த வருடம் கல்கத்தாவில் டிபென்னிங் என்பவர் முதல் உரிமையைக் கேட்டது எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு! வெயில்தான் நம் முதல் கண்டுபிடிப்பாளரை உசுப்பியிருக்கிறது.

காப்புரிமைக்கு மூன்று பரீட்சை. புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலில் பயன்பட வேண்டும். புதிது என்றால் உலகத்தில் எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் போச்சு. மகள் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டாலோ, குரூப்பில் வரைபடம் அனுப்பினாலோ பிறகு அது புதிது இல்லை என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்காதீர்கள். இதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் கொடுக்க மாட்டார்கள். சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது, சிகிச்சைக்கான கருவிக்கு உண்டு. விவசாய முறைக்குக் கிடையாது, மருந்து அடிக்கும் கருவிக்கு உண்டு. பரம்பரை அறிவுக்குக் கிடையாது. தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதிது என்றாலும் கிடையாது.

என் மாணவன் அடுத்த வாரம் நாசிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "இதுல புதுசு எதுப்பா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். "ஒரே வாக்கியத்துல எழுது" என்று நோட்டைக் கொடுத்தேன். பரீட்சை எழுதுவது மாதிரி வியர்த்தான். பித்தளை புதிதா? இல்லை, அடித்துவிடு. மரை புதிதா? இல்லை. உள்ளே இருக்கும் சுருள் பள்ளம்? அதுதான் புதிது என்று அடித்துச் சொன்னான். இணையத்தில் காப்புரிமைகளை இலவசமாகத் தேடலாம். அவன் மகள் தேடினாள். சுருள் பள்ளம் வைத்த நாசில்கள் பழைய அமெரிக்கக் காப்புரிமைகளில் வரிசையாக வந்தன. அவன் முகம் வாடிவிட்டது. "சரி, அதுவும் போகட்டும். மிச்சம் என்ன?" என்றேன். வெகுநேரம் நாசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, காற்றை நிறுத்தும்போது உள்ளே நடக்கும் ஒரு சின்ன அசைவைப் பற்றி மெதுவாக எழுதினான். அடைப்பு தானாக விலகுவது அதனால்தான். அது எங்கள் தேடலில் எங்கும் கிடைக்கவில்லை. அந்த அசைவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன், மன்னிக்கவும். முழு விவரம் இன்னும் கொடுத்தாகவில்லை!

பல வருடம் செய்துகொண்டிருந்த வேலையில் தன்னுடையது எது, ஊருடையது எது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. காப்புரிமை கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு வாக்கியமே அவனுக்கு லாபம்.

நடைமுறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை இன்னும் முழுமையாக முடியவில்லை என்றால் தற்காலிக விவரணை கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். அவன் அதைத்தான் செய்திருக்கிறான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்க வேண்டும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிக்கு 8,000. சாதாரணமாக 18 மாதம் ஆனதும் விண்ணப்பம் வெளியிடப்படும். தானாகப் பரிசீலிக்க மாட்டார்கள். பரிசீலிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும், அதற்கும் கட்டணம், அதற்கும் கெடு உண்டு. 2024-ல் மாற்றிய விதிப்படி அந்தக் கெடு 31 மாதம். கிடைத்த பிறகு வருடா வருடம் புதுப்பிக்கக் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் உரிமை போய்விடும். கட்டண விவரங்களை விண்ணப்பிக்கும் அன்றைக்கு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு இதோடு முடியாது. விவரணை எழுதத் தெரிந்த காப்புரிமை முகவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் வரும் உரிமைக்கோரிக்கை வாக்கியங்கள்தான் உயிர். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். யாராவது நகல் எடுத்தால் போலீஸ் வந்து பிடிக்காது, நாம்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே காப்புரிமை வாங்கினால் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "பேப்பர் இருந்தா காட்டு" என்று அடுத்த முறை யாராவது கேட்டால் காட்ட ஒரு பேப்பர் இருக்கும், அவ்வளவுதான். சில நேரம் அவ்வளவே போதும். புதுமை வெளித்தோற்றத்தில் மட்டும் என்றால் டிசைன் பதிவு என்று வேறொன்று இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் கிண்டித் தொழில்நுட்பக் கல்வி இயக்கக வளாகத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் உரிமை கொண்டாடத்தான் வேண்டுமா என்று என் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1949-ல் லண்டனில் முதலில் வைத்தவர் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. போரில் விமானக் கண்ணாடிச் சில்லு கண்ணில் புகுந்த விமானிகளைப் பார்த்து, அந்தப் பிளாஸ்டிக் கண்ணை உறுத்தவில்லை என்று கவனித்தவர். அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஆனாலும் 1990-களின் தொடக்கம்வரை ஒரு லென்ஸ் நூறு டாலர் அளவில் இருந்தது. காரணம், செய்யத் தெரிந்தவர்கள் சிலர்தான். 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் லென்ஸ் செய்ய ஆரம்பித்துப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. இந்தப் பதிவைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் பலரின் கண்ணில் அப்படி ஒரு லென்ஸ்தான் இருக்கும். உரிமை வாங்குவதும் வாங்காமல் விடுவதும் அவரவர் முடிவு. ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். தெரியாமல் விடுவது தானம் ஆகாது.

எழுதி வைப்பதன் பலத்துக்கு மஞ்சள் கதையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. எங்கள் பாட்டி வைத்தாள் என்று சொன்னால் அங்கே எடுபடாது. பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டித்தான் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு நம் பரம்பரை மருத்துவ அறிவைத் தொகுக்க ஒரு மின்நூலகமே ஆரம்பித்தார்கள். அதில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் இருக்கின்றன. பாட்டியின் கைப்பக்குவத்தைப் பாதுகாத்தது யாரோ ஒருவர் எழுதி வைத்த ஒரு பக்கம்.

ஆகவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பக்கம் கிழிக்காத ஒரு நீள நோட்டு வாங்குங்கள். என்ன செய்தோம், ஏன் செய்தோம், எது உடைந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். சித்ரா வால்வின் முதல் மூன்று தோல்விகளும் யாரோ எழுதி வைத்ததால்தான் நான்காவதற்கு உதவின. புதிதாக ஒன்று வந்தால் பெருமைக்குக்கூட உடனே யாருக்கும் காட்டாதீர்கள். தேடிப் பாருங்கள், விண்ணப்பியுங்கள், பிறகு ஊருக்கே காட்டுங்கள், நானே பகிர்கிறேன். கையில் காசு இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். காலம் முடிந்த காப்புரிமைகள் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. படத்தோடு, அளவோடு, விளக்கத்தோடு. கோலி சோடாவை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்பது போல, அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். அவ்வளவு பெரிய நூலகத்துக்கு உறுப்பினர் கட்டணமே கிடையாது.

உங்களில் யாருக்காவது விவரணை எழுதத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வாருங்கள். பொதுவில் கமெண்டில் எழுத வேண்டாம், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்! சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் எது புதிது என்று ஒரே வாக்கியத்தில் எழுதும்வரை உங்களை விட மாட்டேன். சிவப்பு மசிப் பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர், தாம்பரம்